கைக்குழந்தையோடு கோடைக்கு ஊருக்குப் போகிறீர்களா? டிக்கெட்டிலிருந்து வத்தல் டின் வரை

நான்கு வயதுப் பையன், எட்டு மாதப் பெண் குழந்தை, சென்னையிலிருந்து அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம், ஐந்து வாரம். கேட்கிறவர்கள் எல்லாரும் "ஊருக்கா, நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வா" என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். முதல் முறை நானும் அதை நம்பித்தான் போனேன், திரும்பி வரும்போது மூன்று கிலோ குறைந்து வந்தேன். ஊரில் வேலை குறைவதில்லை, கைகள் கூடுகின்றன. அந்தக் கைகளிடம் எதைக் கொடுப்பது, எதை நாமே வைத்துக்கொள்வது என்று போகும் முன்பே முடிவு செய்திருந்தால் மட்டும்தான் அந்த ஐந்து வாரம் நமக்கும் கொஞ்சம் மிஞ்சும். இப்போது மூன்றாவது கோடை. என்ன செய்கிறேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன், உங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் நாள் குறியுங்கள்

கத்திரி வெயில் பெரும்பாலும் மே 4 முதல் 28 வரை. அதற்குள் பயணம் செய்வதைத் தவிர்க்கப் பார்ப்பேன். ஏப்ரல் கடைசி வாரம் போய்ச் சேர்ந்து, மே கடைசியில் பள்ளி திறப்பதற்கு நான்கைந்து நாள் முன்னால் திரும்பிவிடுவது எனக்குச் சரியாக இருக்கிறது.

இரண்டு வீடு இருக்கிறதல்லவா, அதில் எதற்கு முதலில் போவது என்பதுதான் எல்லா வீட்டிலும் பஞ்சாயத்து. நான் மாமியார் வீட்டுக்குத்தான் முதலில் போவேன். அம்மா வீட்டுக்கு முதலில் போனால் அங்கிருந்து கிளம்ப மனசு வராது, கிளம்பின பிறகு மாமியார் வீட்டில் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், அது அத்தைக்கும் தெரியும், நமக்கும் தெரியும். முதல் இரண்டு வாரம் மாமியார் வீடு, அங்கே அம்மன் கோயில் திருவிழாவான கொடை முடிந்ததும் மூன்று வாரம் அம்மா வீடு. இந்தத் தேதிகளை இரண்டு பக்கமும் மார்ச்சிலேயே சொல்லிவிடுங்கள், அதுவும் கணவர் வாயால் சொல்ல வையுங்கள்.

ரயில் டிக்கெட் இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது, பழைய நினைப்பில் இருக்காதீர்கள். காலை 8 மணிக்குத் திறக்கும்போது உட்கார்ந்துவிட வேண்டும், கோடையில் நெல்லை எக்ஸ்பிரஸ் சில நிமிடங்களில் நிறைந்துவிடும். திரும்பி வரும் டிக்கெட்டுக்கும் அதன் 60-வது நாளை நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம், ஆனால் தனிப் படுக்கையும் கிடையாது. தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். நான் பெரியவனுக்கு அந்தக் கட்டணத்தைக் கட்டிவிடுவேன், ஒரே படுக்கையில் இரண்டு பிள்ளைகளையும் கிடத்தி நான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து போன அனுபவம் ஒன்று போதும். பதிவு செய்யும்போது கீழ்ப் படுக்கை கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்று ஒரு தேர்வு இருக்கும், அதைப் போடுங்கள்.

பெட்டியில் என்ன

ஊரில் கிடைக்காதது மட்டும். தடுப்பூசி அட்டை முதலில், ஏனென்றால் தவணை நடுவில் வந்தால் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போட்டுக்கொள்ளலாம். காய்ச்சல் சொட்டு மருந்து, அதன் அட்டையிலேயே பிள்ளையின் எடைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுப் பேனாவால் எழுதி வாங்கியது. தெர்மாமீட்டர். ஓஆர்எஸ் பொட்டலம் ஐந்தாறு. கொசுவலை. டார்ச். தொட்டில் கட்ட இரண்டு பழைய பருத்திச் சேலை. உத்தரத்தில் வளையம் இருக்கும், சேலை மட்டும் நம்முடையதாக இருந்தால் பிள்ளைக்கு மணம் பழகினதாக இருக்கும், முதல் ராத்திரி அழுகை பாதியாகக் குறையும்.

விளையாட்டுச் சாமான் ஒன்றோ இரண்டோ போதும். ஆச்சி வீட்டில் ஒரு ஈயப் போணியும் கரண்டியும் கொடுத்தால் என் பையன் காலை முழுக்க அதிலேயே கிடப்பான், மூட்டை கட்டிக் கொண்டுபோன கார்கள் பெட்டியை விட்டே வெளியே வரவில்லை.

போய் இறங்கிய அன்றே: வீட்டைச் சுற்றிப் பாருங்கள்

காப்பி குடித்த கையோடு இதைச் செய்துவிடுவேன். பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் எல்லாம் பெரியவர்கள் கைக்கு எட்டும்படி இருக்கும், அதாவது பிள்ளைகள் கைக்கும் எட்டும்படி.

கிணற்றுக்கு மூடி அல்லது வலை இருக்கிறதா. புறவாசல் தண்ணீர்த் தொட்டி, குளியலறை வாளி, இவற்றை மறந்துவிடுகிறோம், தவழும் குழந்தைக்கு அரை வாளித் தண்ணீரே ஆபத்து, பயன்படுத்தியதும் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா, இல்லையென்றால் படிக்கட்டுக் கதவுக்குப் பூட்டு. அப்புறம் மிக முக்கியமானது பூச்சி மருந்து. வயலுக்கு வாங்கியதில் மிச்சத்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றித் திண்ணை மாடக்குழியில் வைத்திருப்பார்கள். எங்கள் மாமா அப்படித்தான் வைத்திருந்தார். சண்டை போடவில்லை, "மாமா, இத மச்சுல வச்சுப் பூட்டிருங்க, பய எல்லாத்தையும் குடிச்சுப் பாப்பான்" என்று ஒரு வார்த்தை, அன்றைக்கே இடம் மாறியது. மண்ணெண்ணெய், எலி மருந்தும் அதே பூட்டுக்குள் போகட்டும்.

ராத்திரி தரையில் படுக்காதீர்கள், அது எவ்வளவு குளுகுளுவென்று இருந்தாலும். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும், தரையில் படுத்திருப்பவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது, கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாததால் தூக்கத்திலேயே தவறவிட்டுவிடுவார்கள். கட்டில், அதற்கு மேல் கொசுவலை, வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிட வேண்டும். விறகு, செங்கல், தேங்காய் மட்டை அடுக்கின பக்கம் தேள் இருக்கும், பிள்ளைகளை அங்கே விடாதீர்கள். எது கடித்தாலும் இறுக்கிக் கட்டுவது, கீறிவிடுவது, பச்சிலை, மந்திரிப்பது எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு. மந்திரிக்கிற தாத்தாவை மனம் நோகாமல் சமாளிக்க ஒரு வழி உண்டு, "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து மந்திரிச்சுக்கிடுறோம் தாத்தா" என்பது. நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும்.

அன்றாட வேலையை வெயிலைப் பார்த்து அடுக்குங்கள்

ஐந்து மணிக்கு எழுந்தால் ஒன்பதுக்குள் சமையல், துணி, பிள்ளைகள் குளியல் எல்லாம் முடிந்துவிடும். பத்து மணிக்கு மேல் அடுப்பு கிடையாது என்று அத்தையிடம் முதல் நாளே பேசிவிட்டேன். அவருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது, மருமகள் வந்திருக்கிறாள் என்று மத்தியானம் சூடாக ஏதாவது செய்து போட வேண்டுமோ என்று அவர் ஒரு பக்கம் நினைத்துக்கொண்டிருந்தாராம். பதினொன்றிலிருந்து நான்கு வரை பிள்ளைகள் வீட்டுக்குள். தென்னந்தோப்பு நிழல் என்றாலும் அந்த நேரத்தில் வேண்டாம்.

ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு எவ்வளவு வெயில் அடித்தாலும் தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம், அடிக்கடி கொடுத்தால் போதும். இதை ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். "தொண்டை காயுதுல்லா பிள்ளைக்கு" என்று சங்கில் சீனித் தண்ணீரோடு ஓர் ஆச்சி வருவார். கெட்ட எண்ணம் கிடையாது, அவர் அப்படித்தான் ஏழு பிள்ளைகளை வளர்த்தார். "டாக்டர் கண்டிச்சுச் சொல்லியிருக்காவ ஆச்சி" என்று பழியை டாக்டர் மேல் போட்டுவிடுங்கள். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது, நாக்கில் தடவுவதற்கும்தான். ஆறு மாதத்துக்கு மேலே என்றால் கொதித்து ஆறிய தண்ணீர் சிறிது சிறிதாக, குழைந்த சோறு, பருப்பு, நேந்திரங்காய்க் கஞ்சி.

நுங்கு இந்த வயதில் தோலை உரித்து நன்றாக மசித்துக் கொடுங்கள், வழுவழுவென்று முழுசாகப் போய் அடைத்துக்கொள்ளும். பெரியவனுக்குப் பதநீர், அதுவும் காலையில் இறக்கி வந்த உடனே அரை டம்ளர்தான், வெயில் ஏறினால் புளித்துவிடும். வியர்க்குருவுக்குப் பவுடரைக் கொட்டாதீர்கள், மூக்கில் போகும். இரண்டு வேளை குளியல், மெல்லிய பருத்திச் சட்டை, பல நேரம் சட்டையே இல்லாமல்.

மை வைப்பது பற்றி ஒரு வார்த்தை. கண்ணுக்குள் மை தீட்டுவதை டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள். நான் அத்தையோடு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தேன், கன்னத்திலும் உள்ளங்காலிலும் எவ்வளவு பெரிய பொட்டு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், கண் பக்கம் மட்டும் வேண்டாம். சாயங்காலம் உப்பு மிளகாய் சுற்றிப் போடுவதற்கும் தடையில்லை, பிள்ளையை மட்டும் புகையிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்வேன்.

கூழ்வத்தல், இந்தக் கோடையின் பெரிய வேலை

இதைச் செய்யாமல் ஊரிலிருந்து திரும்பினால் எனக்கு ஊருக்குப் போன மாதிரியே இருக்காது. கடையில் வாங்கலாம்தான், ஆனால் அதில் மோர் மணமும் பச்சை மிளகாய்க் காரமும் வராது.

மழை மேகம் இல்லாத மூன்று நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள், மே முதல் பாதி நல்லது. மே கடைசியில் மேற்குமலைப் பக்கம் சாரல் எட்டிப் பார்க்க ஆரம்பிக்கும், அப்போது இறங்கினால் பாதி காய்ந்த வத்தலை வீட்டுக்குள் விசிறிக்கு அடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒரு கிலோ பச்சரிசி மாவுக்கு நூற்றைம்பது கிராம் ஜவ்வரிசி. ஜவ்வரிசியை முந்தின ராத்திரியே ஊறப் போடுங்கள். பதினைந்து இருபது பச்சை மிளகாயை உப்பு, சீரகத்தோடு அரைத்துக்கொள்ளுங்கள். அச்சில் பிழிவதென்றால் மாவு ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. கரண்டியால் ஊற்றுவதென்றால் இன்னும் இளக்கமாக.

காலை நாலரைக்கு அடுப்பு. தண்ணீர் கொதிக்கும்போது ஜவ்வரிசியைப் போட்டுக் கண்ணாடி மாதிரி வெந்ததும் மிளகாய் விழுது, பிறகு மாவை ஒரு கப் மோரும் கொஞ்சம் தண்ணீரும் விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றிக் கைவிடாமல் கிண்ட வேண்டும். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். உப்பு நாக்குக்கு அரை உப்பாக இருக்க வேண்டும், காய்ந்ததும் ஏறிவிடும். என் முதல் வருட வத்தலைக் குழம்பில் போட்டால்தான் சாப்பிட முடிந்தது, அவ்வளவு கரிப்பு. அடுப்பை அணைத்தபிறகு இரண்டு எலுமிச்சம்பழம்.

இந்தக் கிண்டும் வேலையைக் கைக்குழந்தைக்காரி எடுக்காதீர்கள். கொதிக்கிற கூழ் தெறித்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கும். அம்மாவோ மதினியோ கிண்டட்டும், நீங்கள் பிழிகிற வேலைக்குப் போங்கள், அது குழந்தை தூங்குகிற நேரத்தில் முடியும். மொட்டை மாடியில் பழைய வெள்ளை வேட்டியை விரித்து நான்கு மூலைக்கும் கல் வைத்து, வெயில் ஏறுமுன் ஏழு மணிக்குள் பிழிந்து முடித்துவிட வேண்டும். காக்காவுக்கு ஒரு பழைய கறுப்புக் குடையை விரித்து வைத்தால் கொஞ்ச நேரம் பயப்படும், அப்புறம் பழகிவிடும். பெரியவனைக் காவலுக்குப் போட்டேன். காக்காவைவிட அவன் தின்றது அதிகம், அரைக் காய்ச்சல் வத்தலுக்கு அப்படியொரு ருசி. சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் உரிந்து வரும், அடுத்த இரண்டு நாள் தாம்பாளத்தில் போட்டுக் காயவைத்து, ஒடித்தால் சடக்கென்று உடைய வேண்டும். சூடு ஆறியபிறகே டின்னில் போடுங்கள்.

கூடவே மோர் மிளகாயும் போட்டுவிடலாம், வேலை குறைவு. மிளகாயைக் கீறிப் புளித்த மோரில் உப்புப் போட்டு இரண்டு நாள் ஊறவைத்து, பிறகு பகலில் வெயில், ராத்திரி திரும்ப அதே மோரில். மோர் முழுக்க இழுத்துக்கொள்ளும் வரை.

சொந்தக்காரர்கள் வீடுகள்

ஒரு பேப்பர் எடுத்துப் பட்டியல் போடுங்கள், பிறகு அதில் பாதியை அடித்துவிடுங்கள். கட்டாயம் போக வேண்டியவை: வயதான தாத்தா ஆச்சிமார், போன வருடத்தில் துக்கம் நடந்த வீடு, உங்கள் குழந்தை பிறந்தபோது சென்னை வரை வந்து பார்த்தவர்கள். மற்றவர்களைக் கொடையிலோ கல்யாணத்திலோ மொத்தமாகப் பார்த்துவிடலாம். ஒரு நாளுக்கு ஒரு வீடு, சாயங்காலம் ஐந்துக்கு மேல் ஏழுக்குள். துக்க வீட்டுக்கு மட்டும் பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போங்கள், ஆற அமர உட்கார்ந்து பேச வேண்டிய இடம் அது. சாதாரண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பக்கத்து ஊர்களுக்கு நானே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன், யாராவது பைக்கில் கொண்டுவிடுவார்களா என்று காத்திருப்பதில்லை. அந்தச் சுதந்திரத்துக்கே ஒரு ருசி இருக்கிறது.

வெறுங்கையோடு போகக் கூடாது, பழம் போதும். போனால் மிக்சரும் காப்பியும் வரும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொல்வார்கள், பிள்ளையின் கையில் நூறு ரூபாயைத் திணிப்பார்கள். யார் எவ்வளவு என்று அன்றைக்கே எழுதி வையுங்கள், நாளை அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு நாம் செய்யும்போது தேவைப்படும்.

"பிள்ளை மெலிஞ்சுபோச்சே, பால் பத்தலையோ" என்ற கேள்வி எல்லா வீட்டிலும் உண்டு. முதல் வருடம் நான் அதற்கு அழுதிருக்கிறேன். இப்போது போனில் எடைக் கணக்கை வைத்திருக்கிறேன், "போன மாசத்த விட அரைக் கிலோ கூட பெரியம்மா" என்றால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். குழந்தையை ஆள் மாற்றி ஆள் வாங்கிக் கொஞ்சுவார்கள், வயலிலிருந்தோ மாட்டுத் தொழுவத்திலிருந்தோ வந்த கையோடு. கை கழுவச் சொல்ல எனக்குக் கூச்சம், அதனால் "பிள்ளைக்குச் சளி, உங்களுக்கும் ஒட்டிக்கிடும்" என்று தள்ளி வைத்துவிடுவேன். பொய்தான்.

கொடை

அம்மன் கோயில் கொடைக்குப் போவதென்றால் மதியக் கொடைக்குக் கொஞ்ச நேரம், அல்லது சாயங்காலம். சாமக் கொடைக்குக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், நையாண்டி மேளமும் ஒலிபெருக்கியும் குழந்தைக் காதுக்கு ரொம்ப அதிகம். வில்லுப்பாட்டு வீட்டுத் திண்ணை வரை கேட்கும், அங்கேயிருந்தே கேளுங்கள். அன்றைக்கு வீட்டுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. எட்டு என்று நினைத்தால் இருபது. அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரே பதில், கூட்டாஞ்சோறு. அரிசி நான்கு பங்குக்குத் துவரம்பருப்பு ஒன்று, வீட்டில் இருக்கிற காய் எல்லாம், கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், சீனியவரைக்காய், கட்டாயம் ஒரு மாங்காய், ஒரு கை முருங்கைக்கீரை. தேங்காய், வற்றல் மிளகாய், சீரகம், சின்ன வெங்காயம் அரைத்து ஊற்றிக் கொஞ்சம் புளித்தண்ணீர். ஒரே பாத்திரம், தொட்டுக்கொள்ளப் போன வாரம் போட்ட அந்த வத்தல். பரிமாறுவதையும் ஏனம் கழுவுவதையும் வீட்டு ஆண்களிடம் விடுங்கள். முதலில் சிரிப்பார்கள், பிறகு செய்வார்கள்.

பிள்ளைக்கு வயிறு கெட்டால்

மாங்காயும் திருவிழா ஐஸும் சேர்ந்து போன வருடம் பெரியவனுக்குப் பேதி. வீட்டில் ஒருவர் பதற்றத்தில் ஒரு முழு ஓஆர்எஸ் பொட்டலத்தை அரை டம்ளரில் கரைத்துக் கொண்டுவந்தார், நல்லவேளையாக நான் பார்த்துவிட்டேன். அப்படிக் கொடுத்தால் உடம்பில் உப்பு ஏறி நிலைமை மோசமாகும். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சின்னது எவ்வளவுக்கு என்று அதிலேயே எழுதியிருக்கும், வாசித்துவிட்டு அளந்து ஊற்றுங்கள், 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி. தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம், சோற்றையும் நிறுத்த வேண்டாம். துத்தநாக மாத்திரை கொடுத்தால் பேதி நின்றாலும் 14 நாள் முடிக்க வேண்டும். கண் குழிவிழுந்து போனால், மூத்திரம் போகாமல் இருந்தால், குழந்தை துவண்டு கிடந்தால், மலத்தில் ரத்தம் இருந்தால் கைவைத்தியம் எல்லாம் விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரி.

ஆற்றுக் குளியலுக்கும் ஒரு வரி: தாமிரபரணியில் அணை திறந்தால் தண்ணீர் சடாரென்று ஏறும், படித்துறை பாசி பிடித்து வழுக்கும். ஊர் ஆள் கூட இருந்தால் மட்டும், காலையில், பெரியவன் கையைப் பிடித்தபடியே.

கிளம்பும் வாரம்

அம்மா கையில் பணம் கொடுத்தால் வாங்க மாட்டார். நான் பலசரக்குக் கடை பாக்கியைத் தீர்த்துவிட்டு, மீதியை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டுப் போனில் சொல்வேன், ரயில் மதுரையைத் தாண்டியபிறகு.

மூட்டைகளைக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் கட்டி முடியுங்கள், ஏனென்றால் கடைசி நாள் வரும் ஒவ்வொருவரும் ஒரு பை கொண்டுவருவார்கள். கருப்பட்டியைத் தாளில் சுற்றி டின்னில், நார்த்தங்காய் ஊறுகாய் வாயைத் துணி கட்டி எவர்சில்வர் தூக்கில், தேங்காய் உரித்து நான்கே நான்கு. வத்தல் டின்னை நம் கையோடு, மேலே எதையும் வைக்காமல். சென்னை ஈரக்காற்றில் மாதம் ஒருமுறையாவது மொட்டை மாடியில் காட்டினால்தான் தீபாவளி வரை நிற்கும்.

தொட்டில் சேலை இரண்டையும் நான் திரும்பக் கொண்டுவருவதில்லை. துவைத்து, வெயிலில் காயவைத்து, வேப்பிலை போட்டு ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.